ப்ரிசில்லாகிட்ட யாரும் சொல்லல

வணக்கம் மேடம்,

ஜார்ஜ் எலியட்டோட ‘சைலஸ் மார்னர்’ பத்தி நீங்க எழுதினதப் படிச்சிட்டுத்தான் நாவலையே கையில எடுத்தேன், ரெண்டு வாரத்துல முடிச்சேன், நன்றி. ஆனா அதுல போற போக்குல நான்சியோட அக்கா ப்ரிசில்லாதான் உங்களுக்கு ரொம்பப் புடிச்ச ஆள்னு ஒரு வரி சொல்லியிருந்தீங்க, அதுதான் எனக்குப் புரியல. மொத்தமே மூணு எடத்துலதான் வர்றா. நான் அழகா இல்லன்னு தானே சொல்லிக்கிறா, ஆம்பளைங்கள திட்டுறா, தங்கச்சிக்குத் தைரியம் சொல்றா, கெளம்பிப் போயிடறா. அவ இல்லேன்னாலும் கதையில எதுவும் மாறாது. நான் வீட்டுக்கு மூத்தவ, எனக்குக் கீழ ரெண்டு பேர், அதனாலயோ என்னவோ இந்த மாதிரி தாங்கிப் புடிக்கிற அக்கா எந்தக் கதையில வந்தாலும் எனக்குக் கோவம் வருது. நான்சி மனசுல இருக்கறத வெளிய கொண்டுவர எழுத்தாளருக்கு ஒரு ஆள் வேணும், அதுக்காக ஒரு அக்காவ செஞ்சு வெச்சுட்டாங்கன்னுதான் தோணுது. நான் எதையாவது விட்டுட்டேனா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்,

உங்க கோவம் நியாயமான கோவம், முதல்ல அத சொல்லிடறேன். நானும் காலேஜ்ல இத மொதல் தடவ படிச்சப்போ ப்ரிசில்லா வர்ற பக்கத்தையெல்லாம் வேகமா தள்ளிட்டு எப்பி எப்ப வருவான்னு பாத்தவதான். ரெண்டாவது தடவ படிக்கும்போதுதான் ஒரு விஷயம் கண்ணுல பட்டுது, அதுக்கப்புறம் இந்த நாவல பழையபடி படிக்கவே முடியல. அத சொல்றதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

படிக்காதவங்களுக்காக கதைய சுருக்கமா சொல்லிடறேன். ராவலோன்னு ஒரு கற்பனை கிராமம், இங்கிலாந்தோட நடுப்பகுதில, 19ஆம் நூற்றாண்டு தொடக்கம். சைலஸ் மார்னர்னு ஒரு நெசவாளி, தனிக்கட்டை, சேத்து வெச்ச தங்கக்காசெல்லாம் ஒரு நாள் திருடு போயிடுது. அந்த ஊர்ப் பண்ணையாரோட மூத்த மகன் காட்ஃப்ரி, அவன் நான்சிய விரும்பறான், ஆனா ஏற்கனவே அபின் பழக்கம் உள்ள ஒரு பொண்ண ரகசியமா கல்யாணம் பண்ணி ஒரு கொழந்தையும் இருக்கு. புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி அந்தப் பொண்ணு பனியில விழுந்து செத்துப் போறா, கொழந்த தத்தித் தத்தி நடந்து சைலஸ் வீட்டு அடுப்புகிட்ட போயிடுது. அதுதான் எப்பி. காட்ஃப்ரி வாயே தெறக்கல, நான்சிய கட்டிக்கிட்டான். 16 வருஷம் கழிச்சு சைலஸ் வீட்டுப் பக்கத்துல தண்ணி நின்ன கல்லுக்குழி வத்திப் போய், அந்தக் காச திருடிட்டுப் போறப்போ அதுல விழுந்து செத்த அவன் தம்பி டன்ஸ்டனோட எலும்புக்கூடும் சைலஸோட தங்கமும் வெளிய வருது, அப்பதான் காட்ஃப்ரி பொண்டாட்டிகிட்ட உண்மைய சொல்றான். எப்பிய கூட்டிட்டு வந்துடலாம்னு ரெண்டு பேரும் போறாங்க, அவ சைலஸ விட்டு வரமாட்டேன்னுட்டா.

இதுல ப்ரிசில்லா எங்கன்னா, நீங்க சொன்ன மாதிரி மூணு எடம்தான். பதினொண்ணாவது அத்தியாயம், பதினேழாவது அத்தியாயம், கடைசியில முடிவுரை. ஆனா மொதல் எடத்துல அவ வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டா, அத கவனிச்சீங்களா? நான்சி அப்பாவோட குதிரையில பின்னாடி உக்காந்து பண்ணையார் வீட்டுக்கு வர்றா, வாசல்ல காட்ஃப்ரி நிக்கறான், எறக்கி விடப்போறான், அப்ப அவ என்ன நெனைக்கிறா தெரியுமா, அக்காவும் இதே நேரத்துக்கு வந்திருந்தா அவள மொதல்ல எறக்க வெச்சிருக்கலாமே, அந்தக் கேப்புல அப்பாவ வேற பக்கம் குதிரைய ஓட்டச் சொல்லி தப்பிச்சிருக்கலாமேன்னு. இன்னும் முகம்கூடக் காட்டாத ஒரு ஆள், அதுக்குள்ள தங்கச்சிக்கு மறைப்பா ஆயிட்டா. இத எழுதின ஜார்ஜ் எலியட், ஆம்பளைப் பேருல எழுதின ஒரு பொம்பள, அவங்களுக்கு அக்கா தங்கச்சி வாழ்க்கை உள்ளுக்குள்ள தெரியும். ஒரு சங்கடம்னா யோசிக்கறதுக்கு முன்னாடியே அக்காவ நடுவுல நிறுத்திடற பழக்கம் எல்லாத் தங்கச்சிக்கும் உண்டு, நானும் பண்ணியிருக்கேன்.

அப்புறம் டிரெஸ் மாத்தற சீன். ரெண்டு பேருக்கும் ஒரே பட்டுல ஒரே மாதிரி கவுன். ப்ரிசில்லா 5 வயசு பெரியவ, அந்தக் கலர்ல மூஞ்சி மஞ்சளா தெரியுதுன்னு அவளே சொல்றா, நான் அழகா இல்ல, அப்பா வீட்டு ஜாடைன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்றா. நீங்க இத தன்னையே மட்டம் தட்டிக்கிறான்னு எடுத்துக்கிட்டீங்க. எனக்கு அப்படித் தோணல. அவ அழுது சொல்லல, பாவம்னு சொல்ல வைக்கவும் சொல்லல, வானம் மூடியிருக்குன்னு சொல்ற மாதிரி சொல்றா. எனக்குப் புருஷன்னா அது என் இஷ்டப்படி இருக்கறதுதான், அந்தப் புருஷனுக்கு மட்டும்தான் கீழ்ப்படிவேன்ங்கறா. அந்தக் காலத்து நாவல்ல கல்யாணம் ஆகாத ஒரு பொண்ணு இவ்வளவு தெளிவா, கசப்பே இல்லாம இத சொல்றது சாதாரண விஷயம் இல்லீங்க.

தனியா ஆனதும் நான்சி ஒண்ணு சொல்றா. நமக்கு அம்மா இல்ல, உலகத்துல வேற அக்கா தங்கச்சியும் இல்ல, நாமளே ஒரே மாதிரி உடுத்தலேன்னா யார் உடுத்துவா, நீயே துணிய செலக்ட் பண்ணு, நீ சொல்றத நான் போட்டுக்கறேன்னு. இந்த எடத்துல எனக்குத் தொண்டை அடைக்கும். அந்த ஒரே மாதிரி பட்டு அழகுக்காக இல்ல, நாங்க ரெண்டு பேர் மட்டும்தான் மிச்சம்னு ஊருக்குக் காட்டறதுக்கு. அதுக்காகத்தான் ப்ரிசில்லா தனக்குப் பொருந்தாத கலர உடுத்திக்கிட்டு நிக்கறா.

இப்ப ஒரு வரிய நீங்க அடிக்கோடு போடணும். நான்சி நான் கல்யாணமே பண்ணிக்கப் போறதில்லன்னு சொன்னதும் ப்ரிசில்லாவுக்கு வர்ற கோவம் இருக்கே, அப்பா போனப்புறம் நான் யாருக்காக ஒழைக்கறதுன்னு கேக்கறா. கூமுட்டைய வெச்சு அடைகாத்துக்கிட்டே இருக்கியே, ஒலகத்துல வேற நல்ல முட்டையே இல்லையான்னு திட்டுறா. ரெண்டு பேர்ல ஒருத்தி கல்யாணம் ஆகாம இருந்தா போதும், அது நான், எனக்கு அது சரியா வரும்ங்கறா. இந்தத் திட்டெல்லாம் படிக்கும்போது சிரிப்பு வரும், ஆனா அந்த மொதல் கேள்விய மட்டும் தனியா எடுத்து வெச்சுக்கங்க. நான் யாருக்காக ஒழைக்கறது? தைரியம் சொல்ல மட்டுமே வந்த ஒருத்தி இப்படிக் கேக்க மாட்டா. இது அவளோட சொந்தப் பசி. தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகணும், கொழந்தைங்க வரணும், அந்தக் கொழந்தைங்களுக்காக நான் பாலும் வெண்ணெயும் பண்ணை வேலையும் பாக்கணும், இதுதான் அவ கணக்கு.

16 வருஷம் ஆகுது. பதினேழாவது அத்தியாயம், ஞாயித்துக்கெழம மத்தியானம், நான்சி வீடு. நான்சிக்கு பொறந்த ஒரே கொழந்த செத்துப் போச்சு, அதுக்குத் தெச்ச துணியெல்லாம் ஒரு டிராயர்ல அப்படியே இருக்கு, ஒரே ஒரு சட்டை மட்டும் இல்ல, அத கொழந்தைக்குப் போட்டுத்தான் பொதைச்சாங்க. ப்ரிசில்லா இப்ப அப்பாவையும் பண்ணையையும் சேத்துப் பாத்துக்கறா, அதப் பத்திப் பேசும்போது அவ சொல்றதெல்லாம் ஒவ்வொண்ணும் ஒரு பழமொழி மாதிரி இருக்கும். வேலைய இன்னொருத்தர்கிட்ட குடுத்துட்டுத் திட்டுற உரிமைய மட்டும் நாம வெச்சுக்கறதுதான் மொதலாளியா இருக்கறதுக்கு நல்ல வழி, அதனாலயே பல ஆம்பளைங்களுக்கு பக்கவாதம் வராம இருக்கும்னு அப்பா மூஞ்சிக்கு நேராவே சொல்றா.

அக்காவும் தங்கச்சியும் கைகோத்துக்கிட்டு தோட்டத்துல நடக்கறாங்க. காட்ஃப்ரிக்கு ஒரு மனக்குறை இருக்கறதப் பத்திப் பேச்சு வருது, ஆம்பளைங்களே இப்படித்தான்னு ப்ரிசில்லா திட்டுறா. நான்சி சொல்றா, கொழந்த இல்லாத ஏக்கம், எந்த ஆம்பளைக்கும் யாருக்காகவாவது ஒழைச்சு சேத்து வைக்கணும்னு இருக்கும் இல்லையான்னு. இதே வார்த்தைய 16 வருஷம் முன்னாடி யார் சொன்னா? ப்ரிசில்லா சொன்னா. நான்சிக்கு அது ஞாபகம் இல்ல. புருஷனுக்கு அப்படி ஒரு ஏக்கம் இருக்கறது அவளுக்கு இயல்பா தெரியுது, பக்கத்துல கையப் புடிச்சுக்கிட்டு நடக்கற அக்காவுக்கும் அதே ஏக்கம் இருக்கும்னு தோணவே இல்ல. எலியட் இத சுட்டிக்காட்டல, அப்படியே விட்டுட்டு நகர்ந்து போறாங்க. ப்ரிசில்லாவும் ஒண்ணும் சொல்லல, பொண்டாட்டிங்க நம்மள விட்டுப் புருஷன திட்ட வெச்சிட்டு அப்புறம் விக்கப் போற மாதிரி புகழ ஆரம்பிச்சிடுவாங்கன்னு கிண்டல் பண்ணி முடிச்சிடறா. அந்தக் கிண்டலுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சுன்னு இப்ப நெனச்சுப் பாருங்க.

இதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் பால் பண்ணை பேச்சு. உன் புருஷன் நம்ம சொந்தக்காரர் ஆஸ்குட்கிட்ட நெலத்த மாத்திக்கிட்டு பால் பண்ணை ஆரம்பிக்கறது எனக்கு ரொம்ப சந்தோஷம், உன் மனசுக்கு ஒரு வேலை கெடைக்கும், மேஜைய எவ்வளவுதான் தேச்சாலும் ஒரு நாள் மூஞ்சி தெரிஞ்சிடும், அதுக்கு மேல அதுல ஒண்ணுமில்ல, ஆனா பால்ல தெனம் ஏதாவது புதுசா இருக்கும், நட்டநடுக் குளிர்காலத்துல அடம்புடிக்கற வெண்ணெய மல்லுக்கட்டி தெரள வைக்கறதுல ஒரு சொகம் இருக்குன்னு சொல்லி தங்கச்சி கைய அழுத்தறா, பால் பண்ணை இருந்தா உனக்கு மனசு சோர்ந்தே போகாதுங்கறா. துக்கத்துக்கு இவ்வளவு உருப்படியான மருந்த வேற எந்த நாவல்லயும் நான் படிச்சதில்ல. கடவுள், விதி, பொறுமை எதையும் பேசல, வெண்ணெயப் பத்திப் பேசறா, ஏன்னா அவ தன் தனிமைய அப்படித்தான் ஜெயிச்சிருக்கா. எழுதினவங்களும் அந்த வேலை தெரிஞ்சவங்க. எலியட்டோட அம்மா 1836ல போனாங்க, அடுத்த வருஷம் அவங்க அக்கா கல்யாணமாகிப் போனாங்க, அதுக்கப்புறம் கிரிஃப்னு அவங்க வளந்த வீட்ட, பால் வெண்ணெ வேலை உட்பட, எலியட்தான் பாத்துக்கிட்டாங்க.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன், ப்ரிசில்லா இல்லேன்னா எதுவும் மாறாதுன்னீங்களே. அவ சந்தோஷப்பட்ட அந்த நெலம் இருக்கே, ஆஸ்குட்கிட்ட இருந்து வாங்கினது, அதுல தண்ணி வடியறதுக்கு காட்ஃப்ரி கால்வாய் வெட்டறான். முந்தின அத்தியாயத்துல சைலஸ் எப்பிகிட்ட சொல்றான் பாருங்க, குழியில தண்ணி கொறஞ்சிடுச்சு, ஆஸ்குட் வயல்ல வடிகால் வேலை நடக்குது, அதனாலதான்னு. அந்த வடிகால்தான் கல்லுக்குழிய வத்த வெச்சுது. தங்கச்சி மனசு சோர்ந்து போகாம இருக்க அக்கா நம்பின அதே நெலம்தான் 16 வருஷத்து ரகசியத்த வெளிய கொண்டுவருது. வெண்ணெ தெரளும்போது தாழி ஒடையறதுன்னு நாம சொல்வோமே, இங்க எலியட் அத அப்படியே கதையா கட்டி வெச்சிருக்காங்க, ஆனா ஒரு எடத்துலகூட இத சேத்து சொல்லல, ஒண்ணு பதினாறுல கெடக்குது இன்னொண்ணு பதினேழுல கெடக்குது, நாமதான் கோக்கணும்.

டீ குடிச்சிட்டுப் போங்கன்னு நான்சி கெஞ்சறா. ப்ரிசில்லா இருக்கல. வீட்ல பால் வேலை பாக்கற பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு, அவ புதுப்பால பன்னித்தொட்டியில ஊத்தினாலும் ஊத்துவான்னு வண்டி ஏறிடறா. அதே சாயங்காலம், டீ நேரத்துக்கு, காட்ஃப்ரி மூஞ்சி வெளுத்துப் போய் உள்ள வர்றான், டன்ஸ்டன் எலும்புக்கூடு கெடச்சதச் சொல்லிட்டு, செத்துப்போன அந்தப் பொண்ணு என் பொண்டாட்டி, எப்பி என் கொழந்தன்னு சொல்றான். நான்சி வாழ்க்கையிலேயே பக்கத்துல ஒரு ஆள் வேணும்னு இருந்த நேரம் அதுதான், தாங்கறவ கொஞ்ச நேரம் முன்னாடிதான் போனா.

போனவ திரும்பி வந்தப்போ சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லல. எப்பி மறுத்துட்டதும் புருஷனும் பொண்டாட்டியும் வீட்டுக்கு வந்து பேசறாங்க, இத வெளிய சொல்ல வேண்டாம், யாருக்கும் நல்லதில்லன்னு காட்ஃப்ரி சொல்றான். உடனே நான்சிக்கு ஒரு நிம்மதி, அப்பாவும் ப்ரிசில்லாவும் இத தெரிஞ்சு கஷ்டப்பட வேண்டாம், டன்ஸ்டன் விஷயம் மட்டும் தெரிஞ்சா போதும்ங்கறா. கெட்ட எண்ணத்துல இல்ல, பாசத்துலதான். ஆனா என்ன நடந்துடுச்சு பாருங்க. எப்பி காட்ஃப்ரியோட பொண்ணு, அப்ப நான்சிக்கு முறை என்ன, ப்ரிசில்லாவுக்கு முறை என்ன? பெரியம்மா. இங்கிலீஷ்ல படிக்கும்போது எனக்கு இது உறைக்கவே இல்ல, நம்ம வார்த்தையில யோசிச்ச நிமிஷம் பக்கத்த மூடி வெச்சிட்டேன். யாருக்காக ஒழைக்கறதுன்னு கேட்டவளுக்கு அதே ஊர்ல ஒரு பொண்ணு வளந்து நிக்குது, அவளுக்கு அது தெரியாது, கடைசி வரைக்கும் தெரியாது, தெரிய விடாம பாத்துக்கறது அவ உயிரா நெனைக்கற தங்கச்சி.

நீங்க மூத்தவங்கன்னு சொன்னீங்க, நான் எளையவ. எனக்கு ஒரு தடவ வேலை போச்சு. அம்மாகிட்ட சொன்னேன், ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொன்னேன், அக்காகிட்ட மட்டும் நாலு மாசம் சொல்லல. அவளுக்கு எதுக்குக் கஷ்டம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அவ வேற யார் மூலமாவோ தெரிஞ்சுக்கிட்டு ஒண்ணும் திட்டல, "எங்கிட்ட சொல்ல மாட்டியா"ன்னு மட்டும் கேட்டா. இப்ப நான்சியோட அந்த வரிய படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் கேக்குது.

எலியட்டுக்கும் இது வெளியில இருந்து பாத்த விஷயம் இல்ல. அவங்க சொந்தப் பேரு மேரி ஆன் எவன்ஸ், பொறந்தது 1819. கூடப் பொறந்த அக்கா கிறிஸ்ஸி, பொறந்தது 1814, அதே அஞ்சு வயசு வித்தியாசம். ப்ரிசில்லா கிறிஸ்ஸிதான்னு நான் சொல்ல வரல, கிறிஸ்ஸி சின்ன வயசுல அழகா நறுவிசா இருந்தவங்க, ப்ரிசில்லாவுக்கு நேர் எதிர். ஆனா 1854ல ஏற்கனவே கல்யாணமான ஜார்ஜ் ஹென்றி லூயிஸ்கூட வாழப் போனப்போ எலியட் குடும்பத்துகிட்ட சொல்லல, 3 வருஷம் சொல்லல. அதுக்குள்ள கிறிஸ்ஸி விதவை, கையில நிறைய கொழந்தைங்க, பணக்கஷ்டம், வீட்ல ஜுரம் வந்தப்போ என் பணத்துல இருந்து அக்காவுக்குக் குடுன்னு எலியட் அண்ணனுக்கு எழுதினாங்க. 1857ல உண்மைய சொன்னதும் அண்ணன் ஐசக் தொடர்ப வெட்டினார், அக்காவையும் வெட்ட வெச்சார். 1859 தொடக்கத்துல, சாகக் கெடக்கற நேரத்துல, எழுதாம விட்டுட்டேனேன்னு கிறிஸ்ஸிகிட்ட இருந்து ஒரு கடிதம் வந்துது, மார்ச்ல அவங்க போயிட்டாங்க. ‘சைலஸ் மார்னர்’ 1861 ஏப்ரல்ல வந்துது. ரெண்டு வருஷம்தான் இடைவெளி. அக்காவுக்குத் தெரிய வேண்டாம்னு ஒரு தங்கச்சி சொல்ற வாக்கியத்த எழுதும்போது அந்தக் கைக்கு என்ன வலிச்சிருக்கும்னு நான் யோசிக்காம இருக்க முடியல.

கடைசி எடம், முடிவுரை. எப்பிக்கும் அவ விரும்பின ஆரனுக்கும் கல்யாணம். காட்ஃப்ரி ஊர்ல இல்ல, ஏதோ காரணம்னு சொல்லி வெளியூர் போயிட்டான். நான்சிக்குத் துணையா இருக்கட்டும்னு ப்ரிசில்லா அப்பாவ கூட்டிக்கிட்டு குதிரை வண்டியில வந்து எறங்கப் போறா, அப்ப கல்யாண ஊர்வலம் தெருவுல போகுது, எப்பி வெள்ளை கவுன்ல, அத குடுத்ததும் நான்சிதான். இத பாக்கற மாதிரி சரியான நேரத்துக்கு வந்தோமேன்னு ப்ரிசில்லாவுக்கு சந்தோஷம். எதுக்குத் துணையா வந்திருக்கோம்னு அவளுக்கே தெரியாது, ஆனா வந்திருக்கா. வண்டியில உக்காந்தபடியே அப்பாகிட்ட சொல்றா, நான்சிக்கு இந்த மாதிரி ஒரு கொழந்த கெடச்சு வளக்கற குடுப்பினை இருந்திருக்கலாம், ஆட்டுக்குட்டி கன்னுக்குட்டி தவிர நெனைக்கறதுக்கு எனக்கும் ஒரு இளசு இருந்திருக்கும்னு. அப்பா, ஆமாம்மா, வயசாக ஆக அது தெரியும்ங்கறார். அவ்வளவுதான், நான்சி அவங்கள உள்ள கூப்பிட வெளிய வர்றா, ஊர்வலம் அந்த வீட்டத் தாண்டிப் போயிடுது.